அட்டையில் ஓர் இன்ஜின்

சாலை மேட்டில் அந்த விசில் சத்தம் கேட்டால், சகலை வாய்க்குக் கொண்டுபோன தேநீரை அப்படியே நிறுத்திவிடுவார். சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்த பிறகுதான் ஒரு மடக்கு உள்ளே போகும். "போறான் பாருங்க, பல் டாக்டர்" என்பார். பல் டாக்டர் என்பது ஏதோ வசவு போல ஒலிக்கும்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அலுவலகம் விட்டு வரும் வழி என்பதால் நான் தினமும் அங்கே எட்டிப்பார்ப்பேன். எதைக் கண்டாலும் அதற்கொரு பெட்டி அவர் மனசுக்குள் தயாராகிவிடும். எங்கள் வீட்டு மிக்ஸியைப் பார்த்து "மூணு பிளை அட்டை போதும்" என்பார், மூன்று அடுக்கு என்று அர்த்தம். டிவியைப் பார்த்து "அஞ்சு பிளை, மூலைக்குத் தெர்மாகோல்" என்பார். என்னை ஏற இறங்கப் பார்த்தாரென்றால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அவரிடம் இரண்டே இருக்கை உள்ள குட்டிக் கார் ஒன்று உண்டு. கூரையைப் பின்னால் மடித்துவிட்டுக் காற்று வாங்கலாம். அவருடையது பச்சை, பல் டாக்டருடையது சிவப்பு. மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. டாக்டர் தன் வண்டிக்கு டர்போ மாட்டிவிட்டார். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம் அது. விசிலும் அதனுடையதுதான். மேட்டில் சிவப்பு ஒரே ஒரு தடவை பச்சையை முந்தியது. அன்றிலிருந்து சகலைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் கதையை மட்டும் மறைப்பானேன்? அந்தப் பச்சை வண்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என்னிடம் இருப்பது பீரோவுக்குச் சக்கரம் பூட்டியது போன்ற ஒரு சாம்பல் நிறக் கார். சகலை ஒரு நாளும் தன் சாவியை என் பக்கம் நீட்டியதில்லை. போதாக்குறைக்கு, தங்கை ஓட்ட அதில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் தலை கலைந்து திரும்பிய என் மனைவி, "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். 

சகலைக்கு டர்போ ஆசை இருந்தது, முடிவுதான் வரவில்லை. பச்சை வண்டியின் இன்ஜின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தது. இதில் டர்போவை மாட்டினால் இன்ஜின் தாங்காது, என்றைக்காவது மேடு ஏறும்போது உள்ளேயே நொறுங்கிவிடும், பிறகு வண்டியைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும் என்று மெக்கானிக் கறாராகச் சொல்லிவிட்டார். அடிபட்ட பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய நல்ல இன்ஜின் அவரிடம் இருந்தது. இன்ஜினையே மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. "சத்தமே வராது சார்" என்று பெருமையாகச் சொன்னார். காரியம் கெட்டதே அந்த வார்த்தையில்தான். சத்தமே வராத இன்ஜினை வைத்துக்கொண்டு பல் டாக்டரின் காதில் எதைப் போடுவது?

ஆனாலும் அது குட்டிக் காருக்குள் அடங்குமா என்று பார்க்க, சகலை அந்த இன்ஜினை அங்குலம் அங்குலமாக அளந்து வந்து, அட்டையிலேயே ஓர் இன்ஜின் செய்தார். குழாய், கப்பி, எண்ணெய்த் தொட்டி எல்லாம் அட்டை. சோதனைக்காகப் பழைய இன்ஜினை வெளியே இறக்கியிருந்த நாளில், இதைத் தூக்கிப்போய் அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். பானெட் மூடவில்லை. "பாத்தீங்களா அண்ணே, உக்காரவே இல்ல" என்றார். இன்ஜினை மாற்றாமலிருக்கச் சாக்குக் கிடைத்ததில் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

என் மச்சினிதான் கிட்டே போய்ப் பார்த்தாள். உள்ளே வைக்கும் பொருளைவிட விரல் கனம் பெரிதாகப் பெட்டி செய்வது அவர் தொழில் வழக்கம். கை தன்னையறியாமல் இங்கேயும் அதையே செய்திருந்தது. "நீங்க இன்ஜின் செய்யலீங்க. இன்ஜினுக்குப் பெட்டி செஞ்சு வச்சிருக்கீங்க" என்றாள். அந்த விரல் கனத்தைச் செதுக்கியதும் அட்டை இன்ஜின் தைத்து வைத்தது போல உட்கார்ந்தது. சகலையின் முகம் தொங்கிப்போயிற்று. பழைய இன்ஜின் திரும்ப வண்டிக்குள் ஏறியது, அட்டை இன்ஜின் பட்டறைப் பரணுக்கு ஏறியது.

அந்த நல்ல இன்ஜினை இன்னொருவர் கேட்கிறார், சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று மெக்கானிக் கெடு வைத்தார். அதிசயமாக அந்த வாரம் முழுக்க மேட்டில் விசில் கேட்கவில்லை. சகலையின் தேநீர் தடையில்லாமல் இறங்கியது. "இன்ஜினையே மாத்திடலாம் அண்ணே. விசில் எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்றார். சரிதான், இனி பச்சை வண்டிக்கு ஆயுள் கெட்டி என்று நினைத்தபோது எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

சனிக்கிழமை மாலை பல் டாக்டர் நடந்தே பட்டறைக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய பொருள் ஒன்று. பிரித்தால், இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போல அவருடைய டர்போ. அச்சு தேய்ந்து நின்றுவிட்டதாம். பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்ப வேண்டும், கெட்டியான பெட்டி வேண்டும் என்றார். இதை மாட்டிய நாளிலிருந்து வண்டி பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறது என்று புலம்பினார். "உங்களுக்குத் தொந்தரவே இல்ல சார். உங்க வண்டியப் பாக்கும்போதெல்லாம் பொறாமையா இருக்கு" என்றார்.

முடிந்தது வழக்கு, இப்போதே மெக்கானிக்குக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். டாக்டரின் புலம்பல் சகலையின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. விரல் நுனியால் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். அது கரகரவென்று உரசி நின்றது.

"சரி பண்ணா மறுபடி விசில் வருமா?"

"முன்னவிட நல்லா வரும்னு சொல்றாங்க" என்றார் டாக்டர்.

மேஜைமேல் சகலையின் போன் அடித்தது. மெக்கானிக்கின் எண். அது அடித்து ஓயும்வரை அவர் திரும்பவில்லை. பட்டறை நிறைய அட்டை குவிந்து கிடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏணி போட்டுப் பரணிலிருந்து அட்டை இன்ஜினை இறக்கினார். மேஜையில் மல்லாத்தி, டர்போ பெட்டியின் அளவுக்கு அளவுகோலை வைத்து, அதன் வயிற்றில் கத்தியை இறக்கி நேர்கோடாக இழுத்தார். உதடு குவிந்திருந்தது. மெல்லிசாக விசில் அடித்துக்கொண்டிருந்தார்.