விரல் நீட்டிய மாப்பிள்ளை

அம்பலவாணன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது லண்டன் ஸ்ட்ரெதத்தில், மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது. எண்பத்தொன்பதாம் ஆண்டு மாரிகாலம். என் தம்பி இராஜேந்திரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தான்.

“அக்கா, எங்கடை செல்வமலருக்கு ஒரு பெடியன் வந்திருக்கு. பேர் அம்பலவாணன். ரெயில் ஸ்டேசனிலை வேலை.”

செல்வமலர் எங்கள் தங்கையின் மகள். தாய் தகப்பன் ஊரில். அவள் என்னோடுதான் இருந்தாள். நல்ல பிள்ளை, ஆனால் காஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி ஓடி வருவாள். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்குவாள்.

ஆர் பிள்ளை என்று விசாரித்தேன். பெடியனின் தாய், எங்கள் சின்ன மாமியின் மச்சாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வேறாட்கள் இல்லை. சாதகமும் பொருந்தியது. இனி மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஒருக்கால் பார்த்து வரவேண்டும். தம்பி ரெயிலுக்கு நிற்கிறவன் போலப் போய், முகம் தொங்கத் திரும்பினான்.

“மண்டை பிழை போலக் கிடக்கு அக்கா. ரெயில் வெளிக்கிட்ட பிறகு வெறும் பிளாட்போமைப் பாத்து விரலை நீட்டி என்னவோ கத்துறான். அங்கை ஒரு குருவியும் இல்லை. வெள்ளைக்காரப் பெடியள் அவனைப் போலவே நீட்டிக் காட்டிச் சிரிக்கினம்.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லிவிடு.”

“கட்டப்போறது நான்,” என்றாள் செல்வமலர். “நானே கேக்கிறன்.”

“பெம்பிளை போய்க் கேக்கிறதோ!”

“பெரியம்மாவும் வரட்டும், மாமா.”

போனோம். சின்ன ஸ்டேசன். ரெயில் போனதும் தொப்பி போட்ட அந்த மனிதர் மேடையின் விளிம்பு முழுக்க விரலை ஓட்டி ஏதோ சொன்னார். செல்வமலர் நேரே போய் முன்னால் நின்றாள்.

“நான் செல்வமலர். நீங்கள் ஆருக்கு விரல் காட்டுறியள்?”

மனிதருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னார். லண்டனுக்கென்று வெளிக்கிட்டவரை ஏஜென்ட் ஜப்பானில் கைவிட்டுவிட்டானாம். இரண்டு மாரி அங்கே ஒரு திருகாணிப் பட்டறையில் வேலை. பக்கத்திலே ஒரு சின்ன ஸ்டேசன். அரசாங்க ரெயில் இல்லை, ஒரு கம்பனியின் சொந்தப் பாதை. ஒற்றைப் பெட்டி ரெயில். வாசலில் தக்காளி போலப் பழம் காய்க்கிற மரம். டிக்கெட் கொடுப்பது, கூட்டுவது, பூனைக்குச் சோறு வைப்பது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் ஒவ்வொரு ரெயில் போனதும் மேடை விளிம்புக்கு விரல் நீட்டி, சரியென்று சத்தமாய்ச் சொல்லுவாராம்.

“ஒருத்தரும் இல்லாட்டிலுமோ?”

“இல்லையெண்டதைத்தானே பாக்கவேணும். விரலாலை காட்டி வாயாலை சொன்னால் பிறகு பாத்தனோ இல்லையோ எண்ட ஐமிச்சம் வராது. பாத்துப் பாத்து எனக்கும் பழகிட்டுது.”

செல்வமலர் இன்னும் ஒரு அடி கிட்டப் போனாள்.

“வீட்டிலையும் செய்வியளோ?”

“ஓம்... காஸ் அடுப்புக்கு.”

“எப்பிடி?”

அவர் எதிரிலிருந்த வாங்கை நோக்கி விரலை நீட்டினார். “அடுப்பு அணைஞ்சுது!” வாங்கில் குந்தியிருந்த வெள்ளைக்காரக் கிழவி திடுக்கிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். செல்வமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தநாள் காலை நான் மேலே சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நிற்க, கீழே குரல் கேட்டது. “அடுப்பு அணைஞ்சுது! கதவு பூட்டியாச்சு!” யன்னலால் பார்த்தேன். பஸ் வந்தது. அவள் திரும்பி வராமல் ஏறிப் போனாள்.

தம்பிக்கு டெலிபோன் எடுத்து, கேட்டதைச் சொல்லி, நாள் பார்க்கச் சொன்னேன்.

“ஒரு ஆளுக்குத்தான் மண்டை பிழையெண்டு நினைச்சன் அக்கா,” என்றான்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அம்பலவாணன் இப்போது செல்வமலரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நோர்பரியில் இருக்கிறார். வேலை அதே ஸ்டேசனில்தான்.