கேபிளைக் கழற்றிய பிறகு

வாகரை மீனவர்களுக்கான காற்று எச்சரிக்கைச் செயலியின் திருத்திய பதிப்பு நேற்று மாலை செயலிக் கடையின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அனுப்பிய றிஸ்வானே இதை எனக்கு உறுதிப்படுத்தினார். திருத்தத்தின் பெரும்பகுதி அவருடைய கூட்டாளி நிரோஜாவுடையது. அவர் காய்ச்சலில் இறந்த செய்தியையும் சென்ற வாரம் றிஸ்வான்தான் தொலைபேசியில் சொன்னார். "நிரோஜா போயிட்டா அண்ணன். வேலை அரைவாசியில கிடக்கு." அந்த இரண்டாவது வசனத்தின் கனம், எதையும் அரைவாசியில் விடாத நிரோஜாவோடு பழகிய உங்களுக்குப் புரியும்.

இருவரும் மட்டக்களப்பு நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மென்பொருள் செய்தவர்கள். செய்தி எழுதப் போன என்னிடம், எச்சரிக்கை வாசகத்தைச் செப்பனிடும் வேலையைத் தந்தார் நிரோஜா. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன், இத வாசிச்சு முடிக்க முன்னம் தோணி கவுண்டிரும். காத்து வருது, கரைக்கு வாங்க. அவ்வளவு போதும்."

சிக்கலை முதலில் சொன்னவர் வாகரை மீனவர் சீனித்தம்பி. "ஒங்கட அப் கரையில நல்லாத்தான் கத்துது மகள். தோணியில ஊமையாகிப் போகுது." நிரோஜா அவருடைய போனைக் கேபிளால் கணினியில் இணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. கேபிள் போனுக்கு மின்னேற்றிக்கொண்டே இருந்ததால் அது உறங்கவில்லை. கடலுக்குப் போகிறவர்களோ சார்ஜ் மிஞ்ச வேண்டுமென்று மின்சேமிப்பைப் போட்டு, போனைப் பொலித்தீன் சொப்பிங் பையில் சுற்றித் தோணியின் முன்பக்க அணியத்தில் செருகிவிடுவார்கள். "கேபிளைக் கழற்றினாத்தான் அது உண்மை பேசும்" என்றார் நிரோஜா.

கேபிள் இல்லாமல் பார்க்க இரண்டு வழி இருந்தது. இணையம் வழியாக, நகரத்து அறையில் இருந்தபடியே சீனித்தம்பியின் போனுக்குள் போவது ஒன்று. ஒரே வைஃபையில் கணினியையும் போனையும் பக்கத்தில் வைத்து இணைப்பது மற்றது. றிஸ்வான் முதலாவதைக் கேட்டார். "வாகரைக்கு பஸ்ஸில போய் வாறதுக்குள்ள ஒரு நாள் போயிரும். காலம் இல்ல." வாடைக்காற்று தொடங்கப்போகிறது என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம்.

நிரோஜா முடிவைத் தானே எடுக்கவில்லை. சீனித்தம்பிக்கு அழைப்பெடுத்துக் கேட்டார். அவர் ஒப்பவில்லை. "கனபேர் எங்கள வேவு பாத்திட்டாங்க மகள். இனிப் போனுக்குள்ளயும் ஒராளா? நீங்க இஞ்ச வாங்க. மீனும் சோறும் தாறன்."

"மீனுக்காகத்தான் போறா" என்று றிஸ்வான் சலித்துக்கொண்டார்.

நானும் கூடப் போனேன். சீனித்தம்பியின் தோணியில் மடிக்கணினிக்கும் ஒரு சொப்பிங் பை. நிரோஜாவின் போனே வைஃபை தந்தது. சீனித்தம்பியின் போனில் வந்த இணைப்பு எண்ணைத் தட்டியதும் கணினி அதைப் பிடித்துக்கொண்டது. அலை தூக்கிப் போட இணைப்பு அறுந்தது. மறுபடி இணைத்தார். திரை அணைந்து சிறிது நேரம் போன பின்புதான் பிழை தெரிந்தது. எச்சரிக்கை போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. போன் விழிக்கும்வரை அது மணி அடிக்காமல் காத்துக் கிடந்தது. நிரோஜா சிரிக்கவில்லை. "இவ்வளவு நாளும் இவங்க இத நம்பிப் போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

கரைக்கு வந்ததும் போனைச் சீனித்தம்பியிடம் நீட்டினார். அந்த இணைப்பு வசதியை அவரே தன் விரலால் அணைக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. "திறந்து விட்டவங்க மூடிட்டுப் போகணும்" என்பது நிரோஜா வழக்கமாகச் சொல்வது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வசனத்தைத்தான். ஒருவர் தன் வீட்டுக் கதையை என்னிடம் சொல்லி முடிக்கும்போது, எழுதட்டுமா என்று இப்போதெல்லாம் இன்னொரு முறை கேட்கிறேன்.

அனுமதி வெள்ளிக்கிழமைக்குள் வரலாம் என்கிறார் றிஸ்வான். அதுவரை செயலியை நம்ப வேண்டாம் என்று சொல்லி, கடலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அவரே அழைப்பெடுத்துக் காற்று நிலவரம் சொல்கிறார். சனிக்கிழமை காலை ஒரு சோதனை எச்சரிக்கை போகும். சீனித்தம்பியின் போன் தோணியில், பைக்குள், கேபிள் இல்லாமல் இருக்கும். மணி அடித்தால் எனக்கு அழைப்பெடுப்பதாகச் சீனித்தம்பி சொல்லியிருக்கிறார். அடிக்காவிட்டாலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.