ஈரத்துணி மூடிய கறுப்பு நூல்

மாரிச்செல்வி பாதி ஆயுளை ராஜபாளையத்துப் பஞ்சு மில்லில் ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் மிஷினைப் பார்த்தே கழித்தவள். அறுந்த நூலை அவள் பிணைக்கிற வேகத்துக்குக் கண்ணே பட்டுவிடும். பஞ்சுத் தூசிதான் அவளுக்கு எமன். நெஞ்சு இழுத்துப் படியேற முடியாமல் போனதும், மில்லுக்குள் புதிதாகத் திறந்த சோதனை அறைக்கு மாற்றினார்கள். "அங்க எதையாவது கெடுத்தே, திரும்ப ரிங் ஃபிரேம்தான்" என்று மேனேஜர் சமுத்திரம் சொல்லித்தான் அனுப்பினார். தூசியில்லாத அந்த அறைக்குப் போன பிறகுதான் அவள் ராத்திரியில் படுத்துத் தூங்கினாள்.

அறை, ஆராய்ச்சி செய்ய வந்த சத்யப்பிரியாவின் ராஜ்யம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடுகள் மிதக்கும் கறுப்பு மையை ஊசி வழியாக ஒரு திரவத்துக்குள் பீய்ச்சினால் நூலாக இறுகும். காய்ந்த நூலில் கரண்ட் பாயும்; அதில் மாட்டிய சின்னப் பல்பு எரியும். நூலைக் கண்டுகளாகச் சுற்றுவது மாரிச்செல்வியின் வேலை.

ஆடிப்பூரத் தேருக்கு சத்யப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே ஆடிக்காற்று வறண்டு அடித்தது. காற்று காய்ந்தால் நூல் அறும், அதனால் ஈரம் குறையவிடக் கூடாது என்பது மில்லில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். மாரிச்செல்வி தேர் பார்க்கக்கூடப் போகாமல், கண்டுகளை ஈரத்துணியால் மூடித் தினமும் தண்ணீர் தெளித்தாள். எவ்வளவு அக்கறை, பாவம்!

திரும்பி வந்த சத்யப்பிரியா பார்த்தபோது நூல் வெளிறிக் கிடந்தது. பல்பு எரியவில்லை. துணிகளை மாரிச்செல்வி காலையிலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

"மைதான் கெட்டுப்போச்சுக்கா. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றாள் சத்யப்பிரியா. ஒரு வருஷ உழைப்பு.

தான் தெளித்த தண்ணீர்தான் காரணமோ என்று மாரிச்செல்விக்குத் தோன்றியது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சமுத்திரமும் அங்கேதான் நின்றார்.

"கொட்டாதிய மேடம். நாந்தான் ஈரத்துணி போட்டு மூடுனேன். காஞ்சா அறும்லா, அதான்."

"ஐயோ, காஞ்ச பிறகு நாள்கணக்குல ஈரத்துல கிடந்தா இந்த நூல் செத்துரும்க்கா! அப்ப மை நல்லாத்தான் இருக்கா?" சத்யப்பிரியா சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள்.

சமுத்திரம் கட்டிக்கொள்ளவில்லை. "திங்கக்கிழமை பழைய டிபார்ட்மெண்டுக்குப் போயிரு" என்றார். சத்யப்பிரியா அவளுக்காக இரண்டு வார்த்தை பேசினாள். மூன்றாவது வார்த்தை பேசவில்லை.

அதே மையில் எடுத்த புது நூலில் பல்பு எரிந்த அன்று, சத்யப்பிரியா மறக்காமல் ரிங் ஃபிரேமுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றாள் மாரிச்செல்வி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்று முறை இரும வேண்டியிருந்தது.