சேவூர் கச்சேரி கேசட்

அந்த வருஷங்களில் எனக்கு இரண்டு வேலை. பகலில் வீட்டுத் தறியில் பட்டு நெய்வேன். கல்யாணம், திருவிழா என்று யாராவது கூப்பிட்டால் சாயந்திரம் எங்கள் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். விடியற்காலையிலிருந்து தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டாவது பாட்டிலேயே இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர் எங்கள் குழுவுக்கு வேண்டியவர். ஒரு மத்தியானம் நூல் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மாஸ்டர், இத கொஞ்சம் கேளுங்க.”

துபாயிலிருந்து வந்த யாரோ காப்பி எடுக்கக் கொடுத்த கேசட். ஒரு வெள்ளைக்கார ராக் பாடகர் மேடையில் பாடியதை அப்படியே பிடித்திருந்தார்கள். அவருடைய கிட்டார் சீறிக்கொண்டு போனது. பாட்டு முடிந்ததும் ஜனங்கள் போட்ட சத்தத்தில் கடையின் ஸ்பீக்கர் அதிர்ந்தது. அவர் இரைக்க இரைக்க ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஆள் களைத்துப் போயிருக்கிறார் என்பது தெரிந்தது. அடுத்த பாட்டை உடனே ஆரம்பித்துவிட்டார்.

“நம்மளும் இந்த மாரி ஒண்ணு போட்டா இன்னா?” என்றார் கடைக்காரர். “சேவூர் திருவிழால வாசிக்கறீங்க இல்ல, நானே வந்து பிடிக்கறேன்.”

சரி என்றேன்.

அந்தத் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய சேலை தறியில் இருந்ததால் அன்றைக்கும் நெய்தேன். நாலு மணிக்குச் சேலையை அறுத்து மடித்து வைத்துவிட்டு, குளித்தும் குளிக்காமலும் டவுன் பஸ் ஏறினேன். மனைவியும் கூட வந்தாள். போய்ப் பார்த்தால் மேடைக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை. அன்றைக்கு டிவியில் படம். அந்தத் தெருவில் டிவி இருந்த இரண்டு வீடுகளின் வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது.

எட்டு பாட்டு வாசித்தோம். நடுவில் நான் சொந்தமாகப் போட்டு வைத்திருந்த ஒரு மெட்டை நாலு நிமிஷம் தனியாக வாசித்தேன். அதற்கு முன்னால் எங்கேயும் வாசித்ததில்லை. விரல் நுனிகளில் பட்டு நூல் அறுத்த கீறல்கள் கம்பியில் பட்டு எரிந்தன. முடித்ததும் அடுத்த பாட்டுக்கு சுருதி சேர்க்கக் குனிந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கடையில் அதைப் போட்டுக் காட்டினார். ஜெனரேட்டர் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, அதற்குள் எங்கள் பாட்டு. என் மெட்டு முடிந்த இடத்தில் ஒரே ஒருத்தர் கை தட்டுவது கேட்டது. ஏழெட்டு தட்டு தட்டிவிட்டு, யாரும் சேரவில்லை என்று தெரிந்ததும் நின்றுபோனது.

“பேஜாரா கீதே மாஸ்டர்,” என்றார் கடைக்காரர். “இத யார் வாங்குவாங்க? அந்த வெள்ளைக்காரன் கேசட்ல இருக்கற கைதட்டல எடுத்து நம்ம பாட்டுக்கு நடுவுல சேத்துடறேன். யாருக்குத் தெரியப்போவுது?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. “உங்க இஷ்டம்ணே,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கேசட் வெளியே வந்தது. ஊரில் நாலு பேர் கேட்டார்கள். சேவூரில் அவ்வளவு கூட்டமா என்று ஆச்சரியப்பட்டவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவாசிப் பக்கத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் எங்களைத் தேடி வந்து தேதி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மனைவி பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் கேட்டுவிட்டு வந்தாள். நான் தறிக்குழியில் இருந்தேன்.

“உங்க பாட்டு முடிஞ்சதும் ஒரே கூச்சலா கீது. அன்னிக்கு நான் ஒருத்திதானே தட்டினேன்? என்னுது எங்க போச்சி?”

சொன்னேன். கடைக்காரர் செய்ததையும், நான் சரி என்றதையும். அவள் கோபப்படவில்லை. “ஓ,” என்றாள். அந்த ஒரு எழுத்தைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், முதலில் பிடித்த கேசட்டைத் தரும்படி கேட்டேன். கடைக்காரர் மேஜை டிராயர்களை இழுத்துப் பார்த்தார்.

“அதுமேல வேற ரெக்கார்டிங் பண்ணிட்டேனே மாஸ்டர். சும்மாதானே கெடந்துச்சி.”

அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

“போனா போவுது, விடுங்க,” என்றாள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் முடிந்திருந்தது. புதுப் பாவின் இழைகளைப் பழசின் நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில். அவள் எதிரில் வந்து உட்கார்ந்து இழையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “வந்தவாசிக்கு எப்ப போவணும்?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழம.”

“நான் வரலீங்க. முடியல.”

சரி என்றேன். அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.