ஆகாய நீல ஹெரால்டு

மேனாம்பேட்டு உத்தமன் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவனே ஊரறியச் சொல்லிக்கொள்வான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன், பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவான். பஸ்ஸில் டிக்கெட்டை வாட்ச் வாருக்குள் செருகிக்கொண்டு, இறங்குவதற்குள் நாலு தடவை தொட்டுப் பார்ப்பான். அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவன் இவன்தான், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டூல்ரூம் ஃபிட்டர். வந்த வேலை எந்த நிமிஷமும் போய்விடும் என்று அவன் பயப்படாத நாளே கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கார் கட்டுவான். ஓட்டுகிற கார் இல்லை, ஒரு சாண் நீளக் கார். ரோட்டில் ஓடும் நிஜக் காரை அளந்து, ஒவ்வொன்றையும் இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, தகரத்தை வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைப்பான். ஹவாய் செருப்பை அறுத்து டயர் செய்வான். மாத்திரை அட்டையில் புடைத்திருக்கும் பிளாஸ்டிக்தான் ஹெட்லைட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரம் கையில் ஏறிவிட்டால் மட்டும் அவன் முகத்தில் பயம் தெரியாது. "அந்த நாலு மணி நேரம்தான் நான் நிம்மதியா சோறு வடிப்பேன்" என்பாள் அவன் மனைவி நாகவல்லி.

எண்பத்தேழில் அவன் கட்டிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மண்ணூர்பேட்டையில் ஒரு டாக்டரிடம் ஆகாய நீலத்தில் அந்தக் கார் இருந்தது. அளந்து பார்க்கட்டுமா என்று கேட்பதற்கு மூன்று வாரம் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தான். கடைசியில் கேட்டபோது அவர் இவனை இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இவன் மறுக்கவும் பயந்து குடித்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்தான்.

பதினான்கு மாதம் ஆயிற்று காரின் கூடு முடிய. பிஸ்கட் டப்பாத் தகரம். கதவு இடுக்கு, மட்கார்டு வளைவு, பின்பக்கத்துச் சின்ன வால் எல்லாம் அப்படியே வந்துவிட்டது. பெயிண்ட்தான் மிச்சம். இதுவரை கட்டிய காருக்கெல்லாம் பிரஷ்ஷால்தான் அடித்தான். கிட்டே போய்ப் பார்த்தால் பிரஷ் இழுத்த கோடு தெரியும், நிஜக் காரில் ஏது கோடு? அதை நினைத்தாலே அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அவன் கம்பெனியில் டேபிள் ஃபேன் அடிப்பாகம் செய்தார்கள். அதற்கு ஸ்ப்ரேயில் அடிக்கிற பெயிண்டும் அதே ஆகாய நீலம். பெயிண்ட் ஷாப்பில் இக்னேஷியஸ் என்று ஒரு பையன், இரண்டு பிள்ளைக்கு அப்பன், மூன்று வருஷமாகத் தினக்கூலி. அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆகப் போகிறவர்கள் லிஸ்டில் அவன் பேர் வந்திருந்தது. "கொண்டா அண்ணாத்தே, சாப்பாட்டு டைம்ல அடிச்சி, ஃபேனோட ஃபேனா அடுப்புல ஏத்திடறேன். கண்ணாடி கணக்கா வரும்" என்றான்.

உத்தமனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கூட்டைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து உள்ளே கொண்டு போய்விட்டான். காலையில் கேட்டில் யாரும் பையைத் தொட மாட்டார்கள். சாயங்காலம் டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். சொந்தச் சாமான் எதை உள்ளே கொண்டு போனாலும் செக்யூரிட்டி நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும், எழுதாதது வெளியே போனால் திருட்டு. பதிமூன்று வருஷமாகக் குடையைக்கூட எழுதி வைத்தவன், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவன், அன்றைக்கு மறந்து தொலைத்தான். ஆசை வந்தால் பயந்தவனுக்கும் புத்தி கெட்டுத்தான் போகும்.

பெயிண்ட் காயவைக்கிற அடுப்பிலிருந்து வந்த கூட்டை இக்னேஷியஸ் கொண்டுவந்து நீட்டியபோது உத்தமன் குனிந்து பார்த்தான். அதில் அவன் முகமே தெரிந்தது. லாக்கரில் வைத்துப் பூட்டினான். சாயங்காலம் சங்கு ஊதியபோதுதான், இதை எப்படி வெளியே கொண்டு போவது என்ற நினைப்பு வந்தது.

ஃபோர்மேனிடம் சொல்லிப் பாஸ் வாங்கலாம். தகரம் என்னுடையது என்று சத்தியம் செய்யலாம். ஆனால் பெயிண்ட்? அந்த நீலத்தை எஸ்டேட்டில் பிறந்த குழந்தைகூட இன்ன கம்பெனி என்று சொல்லிவிடும். யார் அடித்தது என்பதுதான் அடுத்த கேள்வி. தினக்கூலிக்கு விசாரணை என்று ஒன்று கிடையாது, நாளையிலிருந்து வராதே என்பார்கள், முடிந்தது.

பதினோரு நாள் கூடு லாக்கரிலேயே கிடந்தது. உத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை. லாக்கர் வரிசைப் பக்கம் யார் போனாலும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்: பித்தளை புஷ் வளையம் காணாமல் போகிறது, திங்கட்கிழமை எல்லா லாக்கரும் சோதனையிடப்படும். திருடனுக்கு மூன்று நாள் முன்கூட்டியே தகவல் சொல்கிற இந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்பது! புஷ் எடுத்தவன் அன்றைக்கே சுத்தமாகிவிட்டிருப்பான். மாட்டிக்கொண்டது உத்தமன்தான்.

சனிக்கிழமை அவன் வீட்டிலிருந்து உப்புத்தாள் கொண்டு போனான். இந்தத் தடவை அதை நோட்டில் எழுதினான். தின்னர் போட்டால் பெயிண்ட் ஐந்து நிமிஷத்தில் கழன்றுவிடும், ஆனால் தின்னர் கம்பெனியுடையது. சாப்பாட்டு மணி அடித்ததும் டூல்ரூம் மூலையில் உட்கார்ந்து, ஹெரால்டின் கூரைமேல் உப்புத்தாளை வைத்தான். வைத்த கை நகரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

பாதி சுரண்டியிருப்பான், இக்னேஷியஸ் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே பண்றே? பைத்தியம் புட்ச்சிகிச்சா?"

"லாக்கரைத் தொறக்கப் போறாங்கோ. பெயிண்ட பார்த்தா உன்னியத்தான் கேப்பாங்கோ."

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். நான்தானே அட்ச்சேன்?"

"இன்னாடா சொல்லுவே? உன் பேரு லிஸ்ட்ல கீது. வாயை மூடிகினு போ."

இக்னேஷியஸ் போகவில்லை. பக்கத்தில் குந்தி, உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு, தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்ட ஆரம்பித்தான். மணி அடிக்கிறவரை இரண்டு பேரும் சுரண்டினார்கள்.

சாயங்காலம் கேட்டில் வரிசை. செக்யூரிட்டி ஜெயராமன் பட்டாளத்தில் இருந்தவர், பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறவர். உத்தமன் அவர் கேட்பதற்கு முன்னாலேயே கூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இன்னாய்யா இது?"

"கார் சார். ஊட்ல செஞ்சது. எடுத்தாந்தப்ப எழுத மறந்துட்டேன்."

ஜெயராமன் கவிழ்த்தார். உள்பக்கத்தில் பிஸ்கட் டப்பாவின் எழுத்தும் பூவும் அப்படியே இருந்தன. நிமிர்த்தினார். அப்போதுதான் உத்தமன் பார்த்தான்: பின்கண்ணாடி மூலையில் கடுகளவு நீலம். அவருடைய கட்டைவிரல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இக்னேஷியஸ் நாலு ஆள் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டப்பாவை வெட்டி செஞ்சியா? பூரா கீறலா கீதே. இதுக்குப் போய் இவ்ளோ நடுங்கறே?" ஜெயராமன் சிரித்தார். "குப்பைய்யா இது. எடுத்துகினு போ, வரிசை நிக்குது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை உத்தமன் நிற்காமல் நடந்தான். தப்பித்தோம் என்று நெஞ்சு குதித்தது. அதே நெஞ்சில், அந்த ஆள் சிரித்த சிரிப்பும் கிடந்து அறுத்தது. பஸ் ஜன்னலில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதான். நடத்துனர் வந்து டிக்கெட் கேட்கிறவரைக்கும் அவனுக்கு டிக்கெட் ஞாபகமே வரவில்லை.

வீட்டில் நாகவல்லி பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தவள், பையைப் பிடுங்காத குறையாக வாங்கித் துண்டைப் பிரித்தாள். கீறலும் சொறியுமாகத் தகரம் வெளியே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா இது? பெயிண்ட் அடிக்கத்தானே எடுத்துகினு போனே? அடிக்கலையா?"

"அட்ச்சான்" என்றான் உத்தமன். "ரொம்ப நல்லா வந்துச்சு, நாகு. நீதான் பாக்கல."