வெயிலில் வைத்த அம்மைப்பால்

நல்ல மருந்தொன்றை நான் சாகடித்தேன். கை தவறி நடந்த காரியமல்ல. தெரிந்தேதான் செய்தேன்.

ஞானசீலி என்ற பெண் கப்பலேறிப் போய்விடக் கூடாது என்பதற்காக, பெரியம்மையைத் தடுக்க அவளுக்குக் குத்த வேண்டிய அம்மைப்பாலை வெயிலில் வைத்தேன். செத்துப்போன அந்தப் பாலையே அவள் கையில் குத்தினேன். பிறகு, குறை அவள் உடம்பில்தான் என்று ஊரை நம்பவைத்தேன்.

நான் மிஷன் சபையைச் சேர்ந்தவள். எங்களுக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. ஆகவே, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருங்கள், அது போதும்.

யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி முடித்தவுடனே என்னைத் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்குகிறவர்களுக்குத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கொட்டகை ஒன்று துறையருகே இருந்தது. காய்ச்சல் பார்ப்பது, தோலில் கொப்புளம் தேடுவது, முன்பு குத்திய தழும்பு இல்லாதவருக்கு அம்மைப்பால் குத்துவது... இவை என் வேலைகள். அவற்றை ஒழுங்குமுறையாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்தேன். என் கை நடுங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

ஆனால் மாலை! ரயில் புறப்பட்டுப் போன பிறகு அந்த முனையில் மனிதக் குரலே இராது. முன்னே கடல், பின்னே மணல். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நான் தங்கிய விடுதியின் தகரக் கூரையைப் பிடித்து ஆட்டும். கழுதைகள் வந்து வேலியில் முதுகு தேய்க்கும். அவற்றோடு பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு மாலை வாய்க்காமல் இருக்கட்டும்.

அந்த விடுதிக்கு மீன் கொண்டுவந்தவள்தான் சீலி. வயது பதினேழு இருக்கும். மீனைக் கொடுத்தவுடன் போகமாட்டாள். மேசையில் இருக்கும் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் கேட்பாள்.

"மிஸி, இந்தக் கண்ணாடிக் குச்சிய வாயுக்குள்ள வச்சா என்ன சொல்லும்?"

"காய்ச்சல் இருக்கோ எண்டு சொல்லும்."

"பொய் இருக்கோ எண்டு சொல்லாதோ?"

"சொல்லாது."

"அப்ப என்னத்துக்கு மிஸி இவ்வளவு கவனமா வச்சிருக்கிறியள்!"

அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். தலைமன்னாருக்கு வந்த பிறகு அதுதான் முதற் சிரிப்பு. சில வாரங்களில் 'மிஸி' போய் 'அக்கா' வந்தது. மாலைகளில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். விளக்கு அணையும்வரை வாசிப்பாள். அவள் போன பின்னும் அந்தக் குரல் அறைக்குள் சற்று நேரம் தங்கியிருப்பதுபோல் இருக்கும்.

அந்த வருடந்தான் கொழும்பிலிருந்து பங்குக் குருவானவருக்கு ஒரு செய்தி வந்தது. கடலுக்கு அப்பால், தென்னிந்தியாவின் மலையொன்றில் இளம்பெண்களுக்கு ஒரு கோடை முகாம். பல தேசத்துப் பெண்கள் ஒரு மாதம் கூடாரங்களில் ஒன்றாகத் தங்குவார்கள். ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்பார்கள், ஒருவர் பாட்டை மற்றவர் பாடுவார்கள். எங்கள் கரையிலிருந்தும் ஒரு பெண் வரலாம். பயணச் செலவை மட்டும் ஊர் திரட்ட வேண்டும்.

சீலியின் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? நான்! ஊர்ப் பெண்களைக் கூட்டி உதவி திரட்டியதும் நான்தான். இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்த நாட்களில் நான் உண்மையாகவே நல்லவளாக இருந்தேன் போலும்...

உலை வைக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிச்சட்டியில் போடுவார்கள். கோயிலுக்கென்று செய்யும் பிடியரிசி வழக்கம் அது. அந்த முறை முகாமுக்கென்று போட்டார்கள். கப்பல் துறையான பியரடியில் கடை வைத்திருந்த சேகு நானா அந்த அரிசியைச் சந்தை விலைக்கு மேலாகவே வாங்கினார். "எங்கட பிள்ளையும்தானே போகுது" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வளவில் ஏலம் நடக்கும். ஒரு வள்ளக்காரர் பெரிய அறுக்குளா மீனொன்றைக் கொடுத்தார். ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "முகாமுக்கே திரும்பவும் குடுக்கிறன், ஏலம் கூறுங்கோ" என்றார். அடுத்தவரும் அப்படியே. வெயில் ஏற ஏற மீன் கைமாறிக்கொண்டே இருந்தது.

"போதும் விடுங்கோப்பா!" என்று சீலியின் தாய் திரேசம்மா கத்தினாள். "அறுக்குளா நாறத் தொடங்கியிட்டுது. இனி எடுக்கிறவனுக்கு நாங்கள்தான் காசு குடுக்கோணும்!"

வளவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பின் நடுவே ஒரு நினைவு குறுக்கிட்டது. நான் வீட்டைவிட்டுப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது எனக்காக ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தவர் யார்? தகப்பனாருக்கு விருப்பமில்லை, தாய் உள்ளறையைவிட்டு வரவில்லை. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

பொறாமை அங்கேதான் முளைத்ததா? எனக்குத் தெரியவில்லை. முளைத்தபோது அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை.

பின்பு ஒரு மாலை சீலி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, கேள்விப்பட்டியளோ? முகாமில கெட்டித்தனமா இருக்கிறவையை அங்கயே வச்சு ரீச்சருக்குப் படிப்பிப்பினமாம்! ரெண்டு மூண்டு வரியமாம்! பங்குச் சாமி சொன்னவர்."

"அப்ப நீ திரும்பி வரமாட்டியோ?"

"வராம என்ன? வருவன்தானே... எப்பவோ."

எப்பவோ! அவள் அதைச் சந்தோஷத்தில் சொன்னாள். அடுத்த கணமே மறந்துமிருப்பாள். நான் மறக்கவில்லை.

எதையும் நிரைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் மனதுக்குள் நிரைப்படுத்தினேன். முதலாவது, அவள் போனால் இந்த மேசையில் எனக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது, கையில் அம்மைப்பால் குத்திய தழும்பில்லாத பெண்ணை முகாமுக்கு ஏற்பதில்லை என்பது அவர்கள் விதி. மூன்றாவது, சீலிக்குத் தழும்பில்லை. சிறு வயதில் அம்மை குத்த ஆள் வந்தபோதெல்லாம் அவள் குடும்பம் தொலைக்கரையில் மீன்வாடியில் இருந்தது. நான்காவது, அவளுக்குக் குத்தப் போகிறவள் நான்.

அவ்வளவுதான். நான்கு வரிகள். அதன் கீழே ஒரு கோடு போட எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அம்மைப்பால் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மயிர்போல் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து அது கொழும்பிலிருந்து ரயிலில் வரும். தோலைக் கீறி அதைத் தடவினால் ஒரு கிழமையில் அங்கே கொப்புளம் எழும்பும். எழும்பினால் பால் 'ஏறிவிட்டது' என்போம். பிறகு பெரியம்மை அவரைத் தீண்டாது. ஆனால் அந்தப் பால் வெப்பம் தாங்காது. குழாய்களை ஈரமணல் நிறைந்த மண்பானைக்குள் புதைத்து, பானையைச் சாக்கால் சுற்றி, சாக்கை நனைத்தபடி வைத்திருப்போம். பயிற்சியின் முதற் பாடம் அது.

இரண்டு குழாய்களை மட்டும் பானையிலிருந்து எடுத்தேன். விடுதியின் தென்புறத்துத் தகரத்தின்மேல் வைத்தேன். பட்டப்பகலில்தான்! யாரும் கேட்டிருந்தால் ஏதேனும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. வெயில் நன்றாகச் சுட்டது.

சீலி கையை நீட்டியபோது கண்ணை மூடிக்கொண்டாள். "வலிச்சாக் கத்தலாமோ அக்கா?" என்றாள். "கத்து" என்றேன். கத்தவில்லை. ஊசியைப் பிடித்த என் கை நடுங்கவுமில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை... அந்தக் கை ஏன் நடுங்கவில்லை?

பால் ஏறவில்லை. விதிப்படி மறுமுறை குத்தினேன், இரண்டாவது குழாயால். அதுவும் ஏறவில்லை. அதே பெட்டியில் வந்த மற்றக் குழாய்களால் குத்தியவர்களுக்கெல்லாம் கொப்புளம் எழும்பியிருந்தது. ஆகவே மருந்தில் ஒருவரும் ஐயப்படவில்லை. சீலி நாளுக்குப் பலமுறை சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தாள். கீறின இடம் வெறுமையாகக் காய்ந்து உதிர்ந்தது.

கப்பல் நாள் வந்தது. சீலிக்குப் பதிலாக மன்னார்ப் பட்டினத்துக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஒருவரின் மகள் போனாள். ஊர் சேர்த்த பணத்தை ஊரே மனமுவந்து அவளுக்குக் கொடுத்தது. அந்தப் பெண்ணின் பெட்டியைச் சீலிதான் தலையில் வைத்துத் துறைமேடையின் முனைவரை கொண்டுபோனாள். கப்பல் புள்ளியாகும்வரை கையசைத்தாள். பிறகு என்னிடம் வந்து, "என்ர உடம்பு சரியில்லை அக்கா. நீங்கள் எவ்வளவு பாடுபட்டனீங்கள்..." என்றாள்.

என்னை! என்னைத் தேற்றினாள்!

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்கமாட்டேன்.

கொட்டகையில் மருந்து கொடுக்கும் எங்கள் அப்போதிக்கரி ஐயா வேடிக்கைக்காரர். சீலியின் வாடிய முகத்தைக் கண்டு, "ஏன் பிள்ளை அழுகிறாய்? பாலே ஏறாத உடம்பில அம்மாள் வருத்தம் எங்க ஏறப்போகுது? நீ குடுத்துவச்சவளடி!" என்றார். பெரியம்மையும் தொற்றாது என்ற அந்தப் பேச்சைத் திரேசம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மகளை மடுக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினாள். அது உண்மையல்ல என்று உறுதியாகத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை.

மடுவிலிருந்து வந்த சீலி நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"எனக்குத்தான் ஒண்டும் தொத்தாதே அக்கா. முகாமுக்குத்தான் போகக் கிடைக்கேல்லை. இங்கயாவது சும்மா நிண்டு தண்ணி அள்ளிக் குடுக்கிறன். எத்தினை ஊர்ச் சனம் வருகுது!"

சம்பளமில்லாமல் நாள்தோறும் வந்தாள். அறியாத ஊர்ப் பெண்களின் குழந்தைகளைத் தூக்கினாள், அவர்களிடம் பாட்டுக் கேட்டாள், கஞ்சி ஊட்டினாள். நான் விரும்பியது கிடைத்துவிட்டது. காலையிலிருந்து மாலைவரை அவள் என் பக்கத்தில்! ஆனால் கப்பல் ஊதும் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் முன்னே வாசலுக்கு ஓடினேன். வருகிறவர்களின் நெற்றியை, கன்னத்தை, உள்ளங்கையைத் தேடித் தேடிப் பார்த்தேன். என் கவனத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

ஏன் அவளுக்கு மறுபடி நல்ல பாலைக் குத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "என்னில ஏன் வீணாக்கிறியள்? வாறதே கொஞ்சம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் வற்புறுத்தவில்லை. காரணம் அவள் மறுத்தது அல்ல. பால் ஏறிவிட்டால்? அந்தக் கொப்புளம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமே! அவள் உயிரைவிட என் பெயர் எனக்குப் பெரிதாயிருந்தது. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

பிறகு ஒருநாள், காய்ச்சலோடு ஒரு பெண் வந்திறங்கினாள். நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது, அவள் தலையைச் சீலி மடியில் வைத்துத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். அருகே போனேன். நெற்றியில், முன்கையில்... பெரியம்மை.

தொற்றிய இரண்டு மூன்று நாட்களுக்குள் பால் குத்தினால் இன்னும் தடுக்கலாம் என்பது நான் படித்தது. அப்படியிருந்தும் ஒரு முழு நாளைக் கடத்தினேன். ஒரு முழு நாள்! பானையருகே போவதும் திரும்புவதுமாக...

மறுநாட்காலை, "கையை நீட்டு" என்றேன்.

"திரும்பவும் தொடங்கியிட்டியள். அந்தா வரிசையில நிக்கிற பிள்ளைக்குக் குத்துங்கோ அக்கா."

"நீட்டடி!"

நான் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. திகைத்துப்போய் நீட்டினாள். அன்று என் கை நடுங்கியது.

பால் ஏறியது. ஒரு கிழமையில், முத்துப்போல் உருண்டு திரண்ட கொப்புளம். அம்மை அவளைத் தீண்டவில்லை. அதைக் கேட்கும்போது நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள் அல்லவா? நானும் விட்டேன். பிறகு அவள் சட்டைக் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்கோ! ஏறியிட்டுது!" முகமெல்லாம் சிரிப்பு. மெல்ல அந்தச் சிரிப்பு நின்றது. "அப்ப... அந்த நேரம் மட்டும் ஏன் ஏறேல்லை?"

அப்போதிக்கரி ஐயா மாற்றலாகிப் போயிருந்தார். கொட்டகையில் நாங்கள் இருவர்தான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை எனக்கு வாய்த்திருக்க முடியாது.

"அந்தக் குழாய் ரெண்டும் பெட்டியின்ர ஓரத்தில இருந்ததாக்கும்" என்றேன். "ரயிலில வரேக்க வெயில் பட்டிருக்கும்."

அவள் கடலின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குழாய் நல்லா இருந்திருந்தாலும், நான் போயிருப்பன் என்ன?"

"ஓம்."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் தோளைத் தொட்டு, "நீங்கள் என்ன செய்வியள் அக்கா. வெயில் செய்த வேலை" என்றாள்.

கிளாக்கர் மகள் இன்னும் திரும்பவில்லை. ஆசிரியைக்குப் படிக்கிறாளாம். சீலி இங்கேதான் இருக்கிறாள். எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆனால் அந்த மேசையில் நான் முன்பு இருந்ததைவிடத் தனியாக இருக்கிறேன்.

இப்போது பானையைக் கவனிப்பது அவள். காலையிலும் மதியத்திலும் சாக்கை நனைக்கிறாள். நிழல் விலக விலகப் பானையையும் நகர்த்துகிறாள். நான் நனைக்கப் போனால் விடமாட்டாள்.

"இன்னொருத்தியின்ர பயணமும் இப்பிடிப் பழுதாகக் கூடாது அக்கா" என்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் யன்னலுக்கு வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது.