எவேலியோ வெட்டிய மலை

எங்கள் பள்ளத்தாக்கில் எவேலியோ மோங்கேயைவிட உழைத்தவர் யாரும் கிடையாது. இதை அவரே தினமும் சொல்லிக்கொள்வார் என்பது வேறு விஷயம், ஆனால் பொய் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு கோடரி, ஒரு போர்வை, அரை மூட்டை கறுப்பு அவரையோடு மலையேறி வந்தவர். அப்போது இங்கே நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஓக் மரங்கள் பாசி தொங்க நின்றன. பதினான்கு வருடத்தில் நாற்பது ஹெக்டேரையும் மொட்டையடித்தார். ஓக்கைக் கரியாக்கி விற்றார், புல் விதைத்தார், பசு வாங்கினார், வேலி போட்டார். அவருடைய வேலியில் ஒரு கம்பம் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் எந்தக் கம்பம் உளுக்கப்போகிறது என்பது அந்தக் கம்பத்துக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்து நிலம் டோன்யோ செரானோவுடையது. அதே வருடம் அதே பாதையில் வந்தவர்தான் அவரும். ஆனால் பாவம், முதுகுவலி. கோடரியைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும், சனிக்கிழமை நடனத்துக்குப் போனால் விட்டுவிடும், அந்த ரக முதுகு. நிலத்தில் கால்வாசியைக்கூட அவர் வெட்டி முடிக்கவில்லை. வெட்டாத பாகத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். சர்க்கார் மறந்துவிட்டது. டோன்யோ ஊஞ்சல் படுக்கையில் படுத்திருந்தார், காடு நின்றது.

இப்போது அந்தக் காட்டைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் கோஸ்தா ரிக்காவில் இறங்கும்போதே கையில் ஒரு பட்டியலோடு இறங்குகிறார்கள். எரிமலை, ஆமை முட்டையிடும் கடற்கரை, நாளெல்லாம் மரத்தில் தொங்கும் சோம்பேறி விலங்கு (டோன்யோவின் ஒன்றுவிட்ட தம்பி என்பார் எவேலியோ), அப்புறம் எங்கள் மலையில் கெட்சால் பறவை. பச்சை முதுகு, ரத்தச் சிவப்பு வயிறு, உடம்பைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்கு வால் இறகு. அது தின்பது காட்டு வெண்ணெய்ப்பழம், குடியிருப்பது செத்து உளுத்த மரத்தின் பொந்தில். இரண்டுமே டோன்யோவிடம் ஏராளம். எவேலியோவிடம் இருப்பது புல்.

இதோடு நின்றிருந்தால் அவர் நாலு வசவு வைதுவிட்டுத் தூங்கியிருப்பார். ஆனால் அந்தக் காட்டைக் காட்டவென்றே தலைநகரில் படித்து, வழிகாட்டி உரிமம் வாங்கி, இங்கிலீஷில் பொளந்துகட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியது அவருடைய ஒரே மகள் யோர்லெனி. பள்ளிக்கூடம், விடுதி, இங்கிலீஷ் எல்லாம் பால் விற்ற காசில் வந்தவை. விடியற்காலை ஐந்து இருபதுக்கு அவளுடைய வேன் அப்பா வீட்டு கேட்டைக் கடந்து டோன்யோவின் காட்டுக்குப் போகும். போதாக்குறைக்கு டோன்யோதான் அவளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் எவேலியோவை அவர் கூப்பிடுவது 'கொம்பாத்ரே' என்று.

எவேலியோவுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கேட்டுக்கு நேரே வரும்போது வேன் வேகத்தைக் குறைக்கும். உள்ளே யோர்லெனி மைக்கில் ஏதோ சொல்வாள். பத்துப் பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பி அவருடைய மலையைப் பார்க்கும். பால் கேனோடு நிற்கும் எவேலியோ ராஜா மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவார்.

"பார்த்தியா, நம்ம இடத்தைப் பத்திச் சொல்றா," என்பார் மனைவி ஃப்ளோரிபெத்திடம்.

"உங்களுக்கு எப்பலேருந்து இங்கிலீஷ் புரியுது?"

"இதுக்கு இங்கிலீஷ் வேற புரியணுமா? என் அப்பன் ஒத்தை ஆளா உண்டாக்கின இடம்னு சொல்லுவா. வேற என்ன சொல்லுவா, பசு மாட்டுக்குப் பேரா சொல்லுவா?"

ஃப்ளோரிபெத் அடுப்பிலிருந்த வெல்லத் தண்ணீரைக் கிளறுவாள்.

ஆனாலும் வேகம் குறைகிற வேன் நிற்பதில்லையே. அதுதான் அவரை அரித்தது. அவருக்குக் காசு வேண்டாம். அந்த வேன் ஒருநாளாவது தன் கேட்டில் நிற்க வேண்டும், ஆட்கள் இறங்கித் தன் மண்ணில் கால் வைக்க வேண்டும், மகள் முன்னால் நடந்து எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஜோடி கெட்சால் போதும்.

ஏழு வருடத்துக்கு முன்பே எல்லை ஓரமாக முப்பது காட்டு வெண்ணெய்ப்பழக் கன்றுகள் நட்டார். அவை இடுப்பளவு வளர்ந்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றன. போன டிசம்பரில் பொறுமை போய்விட்டது. ஓடையோரம் விழுந்து கிடந்த உளுத்த மரம் ஒன்றை இரண்டு எருதுகளைக் கட்டி இழுத்து, மேட்டுக்குக் கொண்டுவந்து, குழி தோண்டி நிமிர்த்தி நட்டார். பழம் பக்கத்துக் காட்டில் தின்னட்டும், குடித்தனம் இங்கே நடத்தட்டும் என்பது கணக்கு.

"ஊப்பே!" என்று கேட்டில் குரல் கொடுத்தபடி டோன்யோ வேடிக்கை பார்க்க வந்தார். "என்ன கொம்பாத்ரே, நின்ன மரத்தையெல்லாம் அப்ப படுக்கவெச்சீங்க. இப்ப படுத்த மரத்தை நிக்கவெக்கிறீங்க. உங்களுக்கு ஓய்வே கிடையாதா?"

"உங்க முதுகை எனக்குக் குடுங்க, ஓய்வெடுக்கிறேன்."

"இந்த முதுகைத் தாங்க உங்களால ஆகாது, கொம்பாத்ரே. ரொம்பக் கஷ்டம்."

சிரிப்பு வராமல் இல்லை. ஆனால் அன்று முழுக்க எவேலியோ குழியைச் சுற்றி மண்ணை இடித்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் முதல் வாரத்தில் நிஜமாகவே ஒரு ஜோடி வந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி மரத்தைக் கொத்தின. அடியில் மரத்தூள் கொட்டியது. எவேலியோ பால் கறப்பதைக்கூட மறந்து புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். அன்று இரவு சாப்பாட்டில் மகளிடம் அதை இரண்டு முறை சொன்னார். யோர்லெனி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நிஜமாவாப்பா? ரெண்டுமா? செவ்வாய்க்கிழமை பதினோரு பேர் வர்றாங்க, இங்கதான் கூட்டிட்டு வரப்போறேன்."

இதற்கு மேல் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார், விரல் உள்ளே போனது. மேட்டில் பலத்த காற்று வேறு. உளுப்பை எதிர்த்தே நாற்பத்தெட்டு வருடம் வாழ்ந்த மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பார்? பறவைகள் இரை தேடப் போன நேரத்தில், வேலிக் கம்பத்துக்குப் பூசுகிற மாதிரியே டிராக்டரின் கழிவு எண்ணெயை அடிமரத்தில் இரண்டு பூச்சு பூசினார். இரண்டு பக்கமும் புதுக் கம்பம் நட்டு, கம்பி முறுக்கி இறுக்கினார். தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இனி இருபது வருடம் நிற்கும்.

ஞாயிறு பறவை வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய் வரும் என்று அவர் தன்னையே நம்பவைத்தார். பதினோரு பேர் கேமராவோடு ஒன்றரை மணி நேரம் குளிரில் நின்றார்கள். ஒரு குருவி வந்து அந்தக் கம்பியில் உட்கார்ந்துவிட்டுப் போனது. யோர்லெனி மரத்தருகே போய் முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா. என்ன தடவினீங்க இதுல?"

"விழுந்துடக் கூடாதுன்னு..."

"விழப்போற மரத்துலதான்ப்பா அது வீடு கட்டும்! மெத்துனு இருந்தாத்தானே கொத்த முடியும்!"

"விழப்போற வீட்ல எவனாவது குடியிருப்பானா?"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரே ஒரு வருஷம்ப்பா. எதையும் தொடாம, எதையும் சரி பண்ணாம, வெறுமனே இருங்க. முடியுமா உங்களால?"

அவரால் முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் சோம்பேறி என்று டோன்யோவைத் திட்டியவரிடம், டோன்யோவைப்போல் இரு என்று பெற்ற மகளே சொல்கிறாள். அதன் பிறகு பத்து நாள் வேனும் நிற்கவில்லை, வீட்டில் பேச்சும் இல்லை. ஆனால் கேட்டருகே வேகத்தைக் குறைப்பது மட்டும் தவறவில்லை. கோபத்திலும் அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லையே என்று எவேலியோவுக்கு உள்ளூர நெகிழ்ச்சி. அவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

பதினோராவது நாள் மூடுபனி. மேய்ச்சலுக்கு ஓட்டிய பசுக்கள் சாலையின் குறுக்கே நின்று, வழக்கம்போல, எங்கே போகிறோம் என்பதை மறந்துவிட்டன. வேன் வந்து முதல் பசுவின் விலாவில் முட்டாத குறையாக நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் திறந்திருந்தன. அன்று வந்திருந்தவர்கள் மெக்சிக்கோ நாட்டு ஆசிரியர்கள். யோர்லெனி மைக்கில் பேசியது ஸ்பானிஷ்.

கடைசிப் பசுவின் பின்னால் வேனை ஒட்டி நின்றிருந்த எவேலியோவுக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"வலது பக்கம் பாருங்க. இந்த மலை முழுக்க ஒரு காலத்துல ஓக் காடு. ஐந்நூறு வருஷத்து மரங்க. மொத்தத்தையும் வெட்டிக் கரியாக்கிட்டாங்க. இப்ப புல்லும் மாடும்தான், ஒரு கெட்சால்கூட இங்க தங்காது. இன்னும் ரெண்டு நிமிஷத்துல நாம போகப்போறது கை வைக்காம காப்பாத்தின காடு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே பாருங்க."

"அடப் பாவிகளா!" என்றாள் ஒரு அம்மாள். "எப்படித்தான் மனசு வந்துச்சோ! அதோ மாட்டுக்குப் பின்னால நிக்கிறாரே, அவரா வெட்டினது?"

மைக் கொஞ்ச நேரம் கரகரத்தது.

"அவரு நிலத்துக்காரர்," என்றாள் யோர்லெனி.

எவேலியோ பசுவின் முதுகிலிருந்து கையை எடுத்தார். இத்தனை விடியற்காலையும் இதற்குத்தானா கையைத் தூக்கினோம் என்று நினைத்தபோது காதுமடல் சுட்டது. வெட்டினதைச் சொன்னாள், அது உண்மை. ஆனால் அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊர் பேர் தெரியாத பன்னிரண்டு பேர் முன்னால் தன் மகள் தன்னை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். சேற்றுப் பூட்ஸோடு போய் வேன் கதவைத் தட்டினார். ஓட்டுநர் திறந்தார்.

"வாங்க எல்லாரும், நல்லா இருங்க," என்றார் எவேலியோ. "வெட்டினது நான்தான்."

"அப்பா!" என்றாள் யோர்லெனி. மைக் வாயருகிலேயே இருந்ததால் அது வேன் முழுக்கக் கேட்டது. ஆசிரியர்கள் அவளைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோனது.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு," என்று ஆரம்பித்தார் எவேலியோ. "ஆபீசர் குதிரையில வந்தாரு. வெள்ளைக் குதிரை, ஒரு கால் கொஞ்சம் நொண்டும். வெட்டின இடம் உனக்கு, வெட்டாத இடம் சர்க்காருக்குன்னு சொன்னாரு. எங்க அம்மா கீழ பள்ளத்துல வாடகைக் குடிசையில இருந்தாங்க. அம்மா சொன்னாங்க, எவேலியோ, போய் வெட்டுடான்னு. கோடரிக்குக் காம்பு இல்ல. கொய்யாக் கட்டையில போட்டேன், அது மூணாம் நாளே பொளந்துக்கிச்சு. அப்புறம்..."

அவர் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்னதாக ஒத்துக்கொள்வார். காம்பு பற்றி, குளிர் பற்றி, முதல் மரம் விழ நான்கு நாள் ஆனது பற்றி, விழுந்த சத்தத்தில் தானே அழுதது பற்றி. பசுவுக்கும் பாலுக்கும் இன்னும் வரவில்லை. அந்தப் பாலில் யார் படித்தார்கள் என்பது இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. முதல் வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் மட்டும் கண்ணை எடுக்காமல் கேட்டாள். சாலையில் பசுக்கள் ஒதுங்கிவிட்டிருந்தன.

"எவேலியோ ஐயா, அஞ்சே முக்கால் ஆயிருச்சு," என்றார் ஓட்டுநர் தயக்கத்தோடு.

யோர்லெனி மைக்கை அணைத்தாள். "அப்பா, பறவை காட்டுக்குள்ள போயிடும். இவங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க. மீதியை நாளைக்குச் சொல்லுங்க."

"நாளைக்கு யாரு வர்றாங்க?"

"ஜெர்மன்காரங்க."

"நான் பேசுறது அவங்களுக்குப் புரியுமா?"

"நான் எடுத்துச் சொல்றேன்ப்பா. நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன்."

எவேலியோ படியிலிருந்து இறங்கினார்.

"இத்தனை நாளும் நீ அப்படித்தாம்மா சொல்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார்.

கதவு மூடியது, வேன் கிளம்பியது. பனியில் வண்டி தெரியவில்லை. டோன்யோவின் வாசலில் அது நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது.